விரை: சொல்லக் கூசும் ஒரு சொல்லும் ஆறு மணி நேரமும்

நீண்ட பதிவு. பத்து வயதைக் கடந்த ஆண்பிள்ளை இருக்கும் வீட்டாரும், விடுதிக் காப்பாளர்களும், ஆசிரியர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். நேரமில்லாதவர்களுக்காகச் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பையனுக்கோ இளைஞனுக்கோ விரையில் திடீரென்று கடும் வலி எழுந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 6 மணி நேரத்துக்குள் அறுவை மேசைக்குப் போக வேண்டிய வலியாக அது இருக்கலாம். அந்தப் பையன் அதை உங்களிடம் ‘வயிற்று வலி’ என்றே சொல்வான். ஏன் அப்படிச் சொல்கிறான் என்பதைப் பற்றியதே இப்பதிவு.

நான் மருத்துவன் அல்லன். மொழியியல் ஆய்வு மாணவன். இதிலுள்ள மருத்துவச் செய்திகளை அறுவை மருத்துவரான நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்ட பின்னரே இங்கே இடுகிறேன். கருத்துகள் என்னுடையவை.

கடந்த டிசம்பரில் ஓர் இரவு. மைசூரின் மார்கழிக் குளிர். விடுதி அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் முதுகலை முதலாண்டு படிக்கும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவன் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றான். மணி ஒன்றேகால். “அண்ணா, வயிறு வலிக்குது” என்றான். இருமுறை வாந்தி எடுத்ததாகவும் சொன்னான். இரவு நாங்கள் எல்லோரும் வெளியே ஒரே கடையில் சாப்பிட்டிருந்தோம். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினேன். வெந்நீர் கொடுத்தேன். படுத்துப் பார் என்றேன். அவன் படுக்கவில்லை, உட்காரவும் இல்லை. குனிந்தபடி அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான். அரை மணி நேரம் போயிற்று. பிறகு என் முகத்தைப் பாராமல், “அண்ணா, கீழயும் வலிக்குது” என்றான்.

அந்த ‘உம்’ என்னும் இடைச்சொல்லின் பொருள் எனக்கு அப்போதும் முழுமையாக விளங்கவில்லை. ஆனால் அச்சம் தட்டியது. நண்பன் ஒருவனின் வண்டியில் நடுவே அவனை உட்கார வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம்.

பணியிலிருந்த மருத்துவர் இளைஞர். “எல்லி நோவு?” என்று கன்னடத்தில் கேட்டார். தம்பிக்கு அந்த அளவுக்குக் கன்னடம் புரியும்; நோவு நமக்கும் நோவுதானே. “ஹொட்டெ” என்றான். வயிறு. மருத்துவர் வயிற்றை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வேறெங்காவது வலிக்கிறதா என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவள், அவளுடைய மகள், மருந்துத் தட்டோடு ஒரு செவிலியர். சொல்ல வேண்டியவன் நான். எனக்குக் கன்னடத்தில் சொல் தெரியும், வடமொழியில் தெரியும், தமிழில் நான்கு தெரியும். நான்கு ஆண்டுகளாகச் சொற்களைச் சேகரிப்பதே என் தொழில். அந்தக் கணத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கடைசியில் “கெளகடெ” என்றேன். கீழ்ப்பக்கம். மருத்துவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். மறுநொடி திரையை இழுத்து மூடினார்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தன. இடப்பக்க விரை மேலேறி, குறுக்காகத் திரும்பி, தொடமுடியாத வலியோடு இருந்தது. வலி தொடங்கியது எப்போது என்பதைத்தான் அவர் மீண்டும் மீண்டும் கேட்டார். பன்னிரண்டு மணிவாக்கில் தூக்கத்திலிருந்து எழுப்பிய வலி என்றான் தம்பி. நான்கு மணிக்கு அறுவை. இரண்டு சுற்று முறுக்கியிருந்ததாம். அவிழ்த்ததும் நிறம் திரும்பியது என்று வெளியே வந்து சொன்னார்கள். இன்று நலமாக இருக்கிறான். அவன் ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றான்.

ஆனால் நான் கொடுத்த வெந்நீரும், வீணடித்த அரை மணி நேரமும் இன்னும் என்னை விட்டபாடில்லை. அவன் வெட்கப்பட்டு இன்னும் நான்கு மணி நேரம் ‘வயிறு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நடந்தது என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு விரையும் ஒரு வடத்தில் தொங்குகிறது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் விந்துக் குழாயும் சேர்ந்து பின்னிய வடம் அது. பொதுவாக விரை பைக்குள் ஒருபுறம் ஒட்டியிருக்கும், ஆகவே சுழலாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிப்பு இருப்பதில்லை. கோயில் மணியின் நாக்குபோலத் தனித்துத் தொங்கும். அத்தகைய விரை தன் வடத்தையே அச்சாகக் கொண்டு முறுக்கிக்கொள்ளும். முதலில் இரத்தம் வெளியேறும் சிரைகள் நெரிபடும், விரை வீங்கும், பின்னர் இரத்தம் கொண்டுவரும் தமனியும் அடைபடும். ‘விரை முறுக்கம்’ எனப்படும் இது 12 முதல் 18 வயதுக்குள் மிகுதியாக வருகிறது. பச்சிளங்குழந்தைக்கும் வரலாம், இருபதுகளிலும் வரலாம். அடிபட வேண்டியதில்லை, விளையாட வேண்டியதில்லை, உறக்கத்திலேயே நேரலாம். 6 மணி நேரத்துக்குள் அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும், அதாவது 10 பேரில் 9 பேருக்கு, விரை பிழைத்துக்கொள்கிறது. 12 மணி நேரமானால் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான். 24 மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதாகிறது. பிடிப்பில்லாக் குறை இருபுறமும் இருக்கக்கூடும் என்பதால், அறுவையின்போது மறுபக்க விரையையும் சேர்த்துத் தைத்து நிலைநிறுத்துகிறார்கள்.

இனி ‘வயிற்று வலி’க்கு வருகிறேன். தம்பி பொய் சொல்லவில்லை. கருவில் விரைகள் உருவாகும் இடம் வயிற்றினுள், சிறுநீரகத்துக்கு அருகில். அங்கிருந்துதான் அவை மெல்ல இறங்கிப் பைக்கு வருகின்றன. வரும்போது தம் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் உடன் இழுத்துக்கொண்டு வருகின்றன. ஆகவே விரையின் வலி அடிவயிற்றிலும் விலாவிலும் உணரப்படுவது இயற்கை. வாந்தியும் அந்த நரம்புத் தொடர்பால் வருவதே. சில பையன்களுக்கு வயிற்று வலி மட்டுமே முதலில் தெரியும். உடலே ஒருமுறை இடத்தை மறைத்துச் சொல்கிறது. அதன்மேல் நாணம் இரண்டாம் முறை மறைக்கிறது. இவ்விரு திரைகளையும் விலக்க வேண்டிய பொறுப்பு கேட்பவருக்கே உரியது. ‘ஆண்பிள்ளையின் வயிற்றைச் சோதிக்கும்போது விரைகளையும் பார்க்காவிட்டால் சோதனை முடியவில்லை’ என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்களாம். வீட்டாருக்கும் அதுவே விதி. கண்ணால் பார்க்க வேண்டாம், வாயால் கேட்டால் போதும்.

கேட்பதற்கு வாயில் சொல் உண்டா என்பதுதான் என் துறை சார்ந்த கேள்வி.

தமிழில் சொற்பஞ்சம் இல்லை. விரை, விதை, அண்டம், பீசம், கொட்டை, விந்தகம் எனப் பல உள. பல மொழிகள் இவ்வுறுப்பை வித்தாகவோ முட்டையாகவோ கண்டிருக்கின்றன. கன்னடத்தில் பீஜம், நம்மிடம் விதை. வடமொழி அண்டமும் முட்டைதான். ஆனால் இச்சொற்கள் வாழும் இடங்களைப் பாருங்கள். ‘விந்தகம்’ பாடநூலில் வாழ்கிறது. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையாக எழுதிவிட்டு மறந்துவிடும் சொல். ‘கொட்டை’ வசவிலும் நண்பர்களின் கேலியிலும் வாழ்கிறது. பெரியவர் முன் எடுக்க இயலாது. ‘விரை’ சுவரில் வாழ்கிறது: பேருந்து நிலையத்துச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ‘மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று எழுதியிருக்குமே, அங்கே. தேர்வு, வசவு, விளம்பரம் என்று மூன்று இடங்களில் இருக்கும் இந்தச் சொல், ஒரு தாயும் மகனும் பேசும் அடுக்களையில் மட்டும் இல்லை.

சிறு குழந்தைக்கு நாம் செல்லச் சொற்களைத் தருகிறோம். குளிப்பாட்டும்போது பாட்டி கூச்சமின்றிச் சொல்வாள். எட்டு, ஒன்பது வயதில் “இனி அதெல்லாம் சொல்லக் கூடாது” என்று அந்தச் சொல்லை வாங்கிக்கொள்கிறோம். பதிலுக்கு வேறொன்றைத் தருவதில்லை. மிகச் சரியாக, முறுக்கம் மிகுதியாக வரும் வயதில் பையன் சொல்லற்றவனாக இருக்கிறான்.

மொழியியலாரும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். களப்பணிக்குப் போகும்போது நாங்கள் எடுத்துச் செல்லும் சுவாதேசு பட்டியலில் 207 சொற்கள் உள்ளன. தலை, காது, வயிறு, குடல், ஈரல், முலை எல்லாம் உண்டு. ‘முட்டை’ உண்டு, ‘விதை’ உண்டு. இந்த உறுப்பு இல்லை. நானும் பல ஊர்களில் முதியவர்களிடம் வித்துக்கு என்ன சொல், முட்டைக்கு என்ன சொல் என்று கேட்டுக் குறித்திருக்கிறேன். அடுத்த கேள்வியைக் கேட்டதில்லை.

“நம் மரபு நாகரிகமானது, இவற்றை மறைத்தே பேசச் சொன்னது” என்று சிலர் சொல்லக்கூடும். மரபு சொன்னதைச் சற்று உற்று நோக்குவோம். நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாக இடக்கரடக்கலை வைக்கிறது. ‘கால் கழுவி வருகிறேன்’ என்பதை எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்போம். அதற்கும் முன்பே தொல்காப்பியச் சொல்லதிகாரம், அவையில் சொல்லத்தகாத சொல்லை ‘அவையல்கிளவி’ என்று பெயரிட்டு, அதனை மறைத்துச் சொல்லுமாறு கூறுகிறது. கவனியுங்கள்: மறைத்து, ஆனால் சொல்லுமாறு. இடக்கரடக்கல் என்பது சொல்லும் முறைகளுள் ஒன்று. கால் கழுவி வருகிறேன் என்றவன் எங்கே போகிறான் என்பது அவையிலுள்ள அனைவருக்கும் தெரியும். செய்தி முழுவதுமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதுமட்டுமன்று, அடுத்த நூற்பாவிலேயே தொல்காப்பியர், வழக்கில் நெடுங்காலமாக ஊறிப்போன சொற்களை அவ்வாறு மறைக்க வேண்டியதில்லை என்று விலக்கும் தந்துவிடுகிறார். இலக்கணம் கேட்டது தகுதி. நாமோ வாய்மூடலைக் கைக்கொண்டு அதற்கு மரபு என்று பெயரிட்டோம்.

அன்றிரவு ‘கெளகடெ’ என்றேனே, அது கன்னடத்தில் அமைந்த இடக்கரடக்கல். தம்பி சொன்ன ‘கீழ’ தமிழில் அமைந்த இடக்கரடக்கல். அவ்விரண்டும் வேலை செய்தன. ‘வயிறு’ என்பது இடக்கரடக்கல் அன்று. அது தவறான முகவரி. இந்த வேறுபாட்டை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

இந்த உறுப்பைத் தமிழில் பேச முடியாது என்பாருக்கு இன்னொரு செய்தி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தம் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார், ஆக்குவித்தார். தலைமுதல் கால்வரை ஒவ்வோர் உறுப்பையும் தமிழில் சொல்லிப் படித்த மருத்துவர்கள் 19 ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள்.

விரை வலி அனைத்தும் முறுக்கம் அன்று. அச்சுறுத்துவது என் நோக்கமும் அன்று. பிற காரணங்களையும், அவற்றில் எவை எவ்வளவு அவசரம் என்பதையும் சொல்கிறேன்.

விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் சுருள்குழாயில் கிருமித்தொற்று வரலாம். இதன் வலி ஓரிரு நாளில் மெல்ல ஏறும். காய்ச்சலும் சிறுநீர்க் கடுப்பும் சேரலாம். இளைஞர்களுக்குப் பெரும்பாலும் பாலுறவுவழிப் பரவும் கிருமிகளாலும், வயதில் மூத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றாலும் வருகிறது. நம் நாட்டில் காசநோய்க்கிருமியும் இங்கே வந்து தங்குவதுண்டு. உரிய மருந்தால் குணமாகும். துணைவருக்கும் சிகிச்சை தேவைப்படலாம். ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் இது தொற்றா முறுக்கமா என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது. திடீர் வலி எனில் முறுக்கம் என்றே கொண்டு ஓட வேண்டும்.

பொன்னுக்கு வீங்கி நமக்குத் தெரியும். கன்னடத்தில் மங்கன பாவு. கன்னம் வீங்கிச் சில நாள் கழித்து விரை வீங்கினால் அது அந்நோயின் தொடர்ச்சி. பருவமடைந்த பின் பொன்னுக்கு வீங்கி வந்தால் நான்கைந்து பேரில் ஒருவருக்கேனும் இப்படி ஆகக்கூடும். பெரும்பாலும் ஒருபுறமே வரும். முழு மலட்டுத்தன்மை அரிது. 2017 பிப்ரவரியில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கிய அரசுத் தடுப்பூசி இயக்கம் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி அதில் இல்லை. அப்பகுதியும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

மாலையானால் இடப்பக்கம் கனப்பதும், படுத்தால் குறைவதும், சுருண்ட நரம்புகள்போலத் தட்டுப்படுவதும் சிரைப் புடைப்பாக இருக்கலாம். நூறு ஆண்களில் 15 பேருக்கு உண்டு. அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும். கவட்டில் புடைப்பு இறங்கி ஏறுவது குடலிறக்கம். அது உள்ளே போகாமல் சிக்கி வலியும் வாந்தியும் வந்தால் உடனடி அவசரம். விலாவிலிருந்து அலையலையாக விரைக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். அங்கே விரையில் நோய் எதுவும் இராது.

வலியில்லாக் கட்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விரைப் புற்று நம் நாட்டில் அரிது. ஆனால் வருவது பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள். அது பொதுவாக வலிப்பதில்லை. கல்போன்ற ஒரு தடிப்பு, ஒரு கனம், அவ்வளவே. வலிக்கவில்லையே என்று விடுவதுதான் ஆபத்து. காலத்தே கண்டால் மிக நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. ஆண்மகவு பிறந்தபின் பையில் விரை இறங்கவில்லையெனில் ஆறு மாதத்தில் மருத்துவரிடம் காட்டி, ஒன்று, ஒன்றரை வயதுக்குள் சரிசெய்துவிட வேண்டும். பிற்காலப் புற்றுக்கு அது ஒரு காரணியாகிறது.

இறுதியாக ஓதம். இதை என் தாத்தாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். கும்பகோணத்துப் பக்கம் எங்கள் ஊர். யானைக்கால் நோயோடு சேர்த்துப் பேசப்பட்ட வட்டாரம். தேங்கிய அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் அந்தப் புழு காலில் தங்கினால் யானைக்கால். விரைப்பகுதியின் நிணக்குழாய்களில் தங்கினால் பையில் நீர் கோக்கும். ஓதம் என்றும் அண்டவாதம் என்றும் ஊரார் சொன்னது அதைத்தான். இந்தப் புழுவால் ஓதம் வந்த ஆண்கள் உலகில் 2.5 கோடிப் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஓதத்துக்குப் புழு அல்லாத பிற காரணங்களும் உண்டு.

என் தாத்தா பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திருமணங்களுக்குப் போனால் தூணோரம் நின்றுவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவார். பிடிவாதக்காரர் என்று உறவில் பேர். வேட்டியை ஒரு தனி விதமாகக் கட்டுவார். 71 வயதில் வேறொரு காய்ச்சலுக்காகச் சேர்த்தபோதுதான் மருத்துவர் கண்டு சொன்னார். அரசு மருத்துவமனையிலேயே அறுவை முடிந்தது. சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த தை மாதத் திருமணத்தில் பந்தியில் உட்கார்ந்தார். அன்றிரவு என்னிடம், “இருபத்தஞ்சு வருஷம்டா” என்று மட்டும் சொன்னார். அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் இரகசியமாக எங்கெங்கே போனார், எத்தனை லேகியம் வாங்கினார் என்பது பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது. சுவர் விளம்பரத்துக்கு வாடிக்கையாளரைத் தேடித் தருவது வீட்டின் மௌனந்தான்.

“இதெல்லாம் சொல்லால் வரும் சிக்கலா? தாலுகா மருத்துவமனையில் இரவில் அறுவை மருத்துவர் இல்லை, வண்டி இல்லை, பணம் இல்லை என்பதல்லவா சிக்கல்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலையூர்ப் பிள்ளைக்கு 6 மணி நேரம் என்பது சாலையிலேயே கழிந்துவிடலாம். அதை எந்தச் சொல்லும் தீர்க்காது. அரசிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் எங்கள் தம்பிக்கு மருத்துவமனை இருபது நிமிடத் தொலைவில் இருந்தது. வண்டி இருந்தது. அறுவை மருத்துவர் இருந்தார். இல்லாதிருந்தது ஒரு சொல். தொலைவு மிகுந்தவர்க்கோ ஒவ்வொரு நிமிடமும் இன்னும் அருமையானது. நாணத்துக்குச் செலவிட அவர்களிடம் நேரமே இல்லை.

“பெண்களின் நோவைப் பற்றிப் பேசவே இன்னும் தயங்கும் ஊரில் ஆண்களுக்காகவா கவலை?” என்று தோழி ஒருத்தி கேட்டாள். பெண்கள் பேசத் தொடங்கியதால்தான் இன்று நானும் பேசுகிறேன் என்பதே என் விடை. மாதவிடாய் என்ற சொல் அடுக்களைக்கு வர எத்தனை பேர் உழைத்தார்கள்! கோவையின் அருணாசலம் முருகானந்தம் நாப்கினைப் பற்றி முதலில் பேசியபோது ஊர் அவரைப் பார்த்து என்ன நினைத்தது என்பதையும், பின்னர் அவர் பேச்சே எடுபட்டதையும் அறிவோம். பூப்பெய்திய பெண்ணுக்கு ஊர் கூட்டி நீராட்டும் நாம், அதே வயதுப் பையனைத் தனியறையில் கூட ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

செய்யக்கூடியவை சில.

வீட்டில்: மகனுக்குப் பத்து வயதாகும்போது தந்தையோ மாமாவோ அம்மாவோ ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள்: “இதற்கு விரை என்று பெயர். இங்கே திடீரென்று வலித்தால், நடு இரவானாலும் எங்களை எழுப்பு. திட்டமாட்டோம்.” கடைசிச் சொல் மிக முக்கியம். பெயர் சொல்லக் கூசினால் ‘கீழே வலிக்கிறது’ என்றால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பையன் வயிற்று வலி என்று வந்தால்: “கீழேயும் வலிக்கிறதா?” என்று கேளுங்கள். திடீர் வலி, வாந்தி, ஒருபக்க வீக்கம், விரை மேலேறியிருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் 108 ஐ அழையுங்கள் அல்லது அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். நான் கொடுத்த வெந்நீரைக்கூட. வலி தானே நின்றுவிட்டாலும் போக வேண்டும். முறுக்கு அவிழ்ந்து மீண்டும் முறுக்கிக்கொள்வதுண்டு. அடிபட்ட வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படியே.

விடுதிகளிலும் பள்ளிகளிலும்: தீயணைப்பு எண்ணை ஒட்டியிருக்கும் இடத்தில் இதையும் இரண்டு வரியாக ஒட்டலாம். வெளிமாநிலத்துப் பிள்ளைகள் படிக்கும் இடங்களில் அவர்கள் மொழியிலும் ஒட்டலாம். மைசூரில் தமிழும் மலையாளமும் இந்தியும் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர்! நோய் முழுவதையும் கன்னடத்தில் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. ‘கெளகடெ நோவு’ என்ற இரண்டு சொல் போதும்.

மருத்துவர்களிடம்: நாங்கள் ‘வயிறு’ என்போம். தயவுசெய்து திரையை இழுத்து மூடிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.

ஒருவேளை காலம் கடந்து ஒரு விரையை இழந்தவர்கள் இதைப் படித்தால்: மற்றொன்று நலமாக இருந்தால் குழந்தைப்பேற்றுக்கும் ஆண்மைக்கும் பொதுவாக அதுவே போதுமானது. உங்கள் தவறு எதுவும் இல்லை. உங்களுக்கு யாரும் சொல் தரவில்லை.

விரை என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள்கள் உண்டு. நறுமணம், வித்து, இவ்வுறுப்பு. ஏவல் வினையாக வந்தால் ‘விரைந்து செல்’. இவற்றிடையே வேர்த்தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் வழிகாட்டி என்னை விடமாட்டார். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. விரையில் வலியா? விரை.

தம்பி நேற்று இப்பதிவைப் படித்துவிட்டு, “நல்லாருக்குண்ணா, ஆனா எங்க அம்மாவுக்கு அனுப்ப முடியாது” என்றான். சற்று நேரம் கழித்து, “தம்பிக்கு அனுப்பிட்டேன், பத்தாவது படிக்கிறான்” என்றான். நீங்களும் அனுப்பலாம். என் பெயர் வேண்டியதில்லை. வெட்டி ஒட்டியும் பகிரலாம்.